கிராம்ப்ஸில் குடும்ப ஆவணங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வம்சாவளியைக் கணினியில் எழுதி வைக்க உதவும் கிராம்ப்ஸ் மென்பொருளில் இருநூறு பேர் வரை ஏற்றியாகிவிட்டது. பத்திரம், ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்று போனில் எடுத்த படங்களை அந்தந்த ஆளின் கேலரியில் சேர்த்தும் ஆயிற்று. இப்போது ஒரு தேதியைப் பார்த்தால் அது எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு அப்பாவின் பிறந்த தேதி மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, மற்றவற்றை என்ன செய்வது?

ஆளோடு படத்தைச் சேர்த்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவருடைய பக்கத்தில் பெயர், பிறப்பு, இறப்பு, ஊர், தொழில் என்று பத்துத் தகவல் இருக்கும். கேலரியில் ஆறு படம் இருக்கும். எந்தத் தகவலுக்கு எந்தப் படம் சாட்சி என்பது உங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கும். அது இரண்டு வருஷம்கூடத் தாங்காது. அதனால் ஆதாரத்தைத் தகவலோடு கட்டுங்கள். கிராம்ப்ஸில் பிறப்பு, இறப்பு, திருமணம் என ஒவ்வொரு நிகழ்வுக்கும், ஒருவருடைய ஒவ்வொரு பெயருக்கும், ஏன், இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்ற உறவுக்கும்கூடத் தனித்தனியாக ஆதாரம் காட்ட இடம் இருக்கிறது. பெரும்பாலானோர் அந்தப் பகுதியைத் திறந்தே பார்ப்பதில்லை.

அங்கே மூன்று அடுக்கு உண்டு. அசல் காகிதம் எங்கே இருக்கிறது என்பது ரெப்பாசிட்டரி. அது என்ன காகிதம் என்பது சோர்ஸ். அந்தக் காகிதத்தின் எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் இந்தத் தகவல் இருக்கிறது என்பது சைட்டேஷன். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் எல்லாம் குழம்பும்.

ரெப்பாசிட்டரி என்றதும் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மாதிரியான இடங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் குடும்பங்களில் முக்கால்வாசிக் காகிதம் யாராவது ஒருவர் வீட்டுப் பீரோவில்தான் கிடக்கிறது. 'பெரியப்பா வீட்டு இரும்புப் பெட்டி' என்பதையே ஒரு ரெப்பாசிட்டரியாகப் போடலாம். கிராம்ப்ஸ் தரும் வகைப் பட்டியலில் நூலகம், காப்பகம், தேவாலயம் இவற்றோடு ஆல்பம், சேகரிப்பு, பெட்டகம் ஆகியவையும் இருக்கின்றன. சோர்ஸை அதோடு இணைக்கும்போது 'கால் நம்பர்' என்று ஒரு கட்டம் வரும். நூலகத்துப் புத்தகத்துக்கு அடுக்கு எண் போடும் இடம் அது. நீங்கள் அதில் 'மேல் தட்டு, பச்சைத் துணி உறை' என்று எழுதி வையுங்கள். கடைசியாக அந்தக் காகிதத்தை எப்போது கண்ணால் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள். வீட்டை இடித்துக் கட்டும்போதும், பாகம் பிரிக்கும்போதும், பெரியவர் ஒருவர் தவறியதும்தான் இந்தப் பெட்டிகள் காணாமல் போகின்றன. அசல் யாரிடம் இருந்தது என்ற ஒரு வரி அப்போது பெரிய உதவி.

இனி ஒரு பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, 1938 ஆகஸ்டில் எழுதிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். முதல் பக்கம் ஏறக்குறைய இப்படித் தொடங்கும்: 'திருநெல்வேலி ஜில்லா ஸ்ரீவைகுண்டம் தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற சுப்பையா குமாரர் முத்தையா, வயது சுமார் 34, விவசாயம்.' அப்புறம் இரண்டாவது நபர், மூன்றாவது நபர். நான்காவது நபர் மைனராக இருந்தால் 'மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான இன்னார்' என்று வரும்.

இந்த ஒரு பக்கத்தில் எத்தனை தகவல் இருக்கிறது பாருங்கள். முத்தையா 1904 வாக்கில் பிறந்தவர். அவர் தகப்பனார் சுப்பையா 1938 ஆகஸ்டுக்கு முன்பே இறந்துவிட்டார். முதல் மூன்று பேரும் மேஜர், நான்காமவர் மைனர். மைனரின் தாயார் பெயர் மற்றவர்களின் தாயார் பெயரிலிருந்து வேறாக இருந்தால் சுப்பையாவுக்கு இரண்டு தாரம் என்று யோசிக்க இடம் உண்டு. அல்லது அந்த மைனர், முன்பே இறந்துபோன இன்னொரு மகனுடைய பிள்ளையாகவும் இருக்கலாம். பத்திரத்தின் பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். சார்பதிவாளர் முன் ஆஜரானவர்களின் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, அடையாளம் காட்டிய சாட்சிகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். சாட்சிகளில் ஒருவர் பெரும்பாலும் மைத்துனராகவோ சம்பந்தியாகவோ இருப்பார். முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய குறிப்பில் தாளை வாங்கியவர் பெயரும் தேதியும் இருக்கும். எழுதிய தேதி ஒன்று, பதிவான தேதி ஒன்று. பதிவுக்குக் கொண்டுவர நான்கு மாதம் அவகாசம் உண்டு என்பதால் இரண்டும் வேறாக இருப்பது சகஜம்.

இதை ஏற்றும் விதம்: பத்திரம் ஒரே ஒரு சோர்ஸ். தலைப்பில் ஆண்டு, ஆவண எண், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் வரட்டும்: 'பாகப்பிரிவினைப் பத்திரம், 1938, ஆவண எண் இன்னது, ஸ்ரீவைகுண்டம்.' புத்தக எண், தொகுதி, பக்கம் ஆகியவற்றைப் பின்பக்கப் பதிவுக் குறிப்பிலிருந்து எடுத்து எழுதுங்கள். எல்லாப் பக்கப் படங்களையும் இந்த சோர்ஸின் கேலரியில், வரிசையாக, ஒருமுறை மட்டும் சேருங்கள். முழு வாசகத்தையும் தட்டச்சு செய்து 'டிரான்ஸ்கிரிப்ட்' வகைக் குறிப்பாக அதோடு இணையுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். பழைய நடையைப் புதுப்பிக்கவும் வேண்டாம். படிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.

அடுத்து முத்தையாவின் பிறப்பு நிகழ்வைத் திறந்து, தேதியில் 'சுமார் 1904' என்று போட்டு, தரம் என்ற இடத்தில் 'கணக்கிட்டது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வயதிலிருந்து கழித்துப் பெற்ற ஆண்டு என்று பிறகு பார்ப்பவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். சைட்டேஷனில் 'பக்கம் 1, முதல் நபர் விவரம்.' சுப்பையாவின் இறப்புக்கு 1938 ஆகஸ்டுக்கு 'முன்' என்று போடுங்கள்; இதற்கும் அதே சைட்டேஷன். ஏற்கெனவே இருப்பதைப் பகிர்ந்துகொள்ளும் பொத்தான் இருக்கிறது, கிளிப்போர்டில் வைத்து இழுத்தும் போடலாம். சாட்சிகளையும் விடாதீர்கள். பாகப்பிரிவினையையே ஒரு நிகழ்வாக்கி, பங்காளிகளை முதன்மைப் பாத்திரத்திலும் கையெழுத்திட்டவர்களைச் சாட்சி என்ற பாத்திரத்திலும் சேர்த்தால், 'இந்த மனிதர் நம் குடும்பத்து எத்தனை பத்திரத்தில் வருகிறார்' என்று பிறகு ஒரே பார்வையில் தெரியும். உறவு தெரியாத பலர் இப்படித்தான் உறவுக்குள் வந்து சேர்கிறார்கள்.

எதற்கெல்லாம் தனி சோர்ஸ், எதையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்பது என்று அடுத்த சந்தேகம் வரும். தனியாகப் பிறந்த காகிதத்துக்குத் தனி சோர்ஸ்: பத்திரம், ஜாதகம், உயில், கல்யாணப் பத்திரிகை. பலரைப் பற்றிய பதிவேடு என்றால் முழுப் பதிவேடும் ஒரே சோர்ஸ், ஆளுக்கொரு சைட்டேஷன். வாக்காளர் பட்டியல், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு எல்லாம் இந்த வகை. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலும் அப்படித்தான்; அதில் ஆளுக்கு ஒரு எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் உண்டு. அந்த எண்ணைச் சைட்டேஷனில் பக்கத்துக்கான கட்டத்தில் போட்டால் போதும்.

மொய் நோட்டும் இதே வகைதான். வம்சாவளி எழுதுகிறவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை; எனக்கு அது பெரிய வருத்தம். ஊர் வாரியாகத் தலைப்புப் போட்டு, இன்னார் மகன் இன்னார், இவ்வளவு ரூபாய் என்று எழுதிய நோட்டு அது. 1960களில் ஒரு குடும்பம் யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது, எந்த ஊரில் பெண் கொடுத்தது, எந்த ஊரில் எடுத்தது என்பதெல்லாம் அதிலிருந்து பிடித்துவிடலாம். நோட்டு முழுவதையும் படம் எடுத்து ஒரு சோர்ஸாகப் போடுங்கள். தெரிந்த பெயருக்கு மட்டும் இப்போது சைட்டேஷன் போதும்.

சரி, அப்பாவின் மூன்று பிறந்த தேதிக்கு வருவோம். ஜாதகத்தில் தாரண வருஷம் தை மாதம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 1944 மே. 2013இல் எடுத்த இறப்புச் சான்றிதழில் வயது 70, அதாவது 1943 வாக்கு. மூன்றையும் ஏற்றுங்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தூக்கிப் போட்டால், நாளைக்கு உங்கள் தம்பி மகன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கண்டெடுத்து, நீங்கள் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று திருத்திவிடுவான்.

எது நம்பத் தகுந்தது என்பது அந்தக் காகிதத்தில் அந்தத் தகவலை யார், எப்போது, எதற்காகச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. இறப்புச் சான்றிதழ் இறந்த தேதிக்கு நல்ல சாட்சி. வயதுக்குச் சுமாரான சாட்சிதான். துக்க வீட்டில் யாரோ சொன்ன வயது அது. பள்ளிக்கூடத்துத் தேதி, சேர்க்கும்போது அஞ்சு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக மே மாதத்துக்கோ ஜூனுக்கோ நகர்த்திய தேதியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்த நாள்தான். ஜாதகம் பிறந்த சமயத்தை ஒட்டி, நேரத்தையே குறியாக வைத்து எழுதியது. ஆகவே பிறப்புக்கு அதைத்தான் முதலில் வைப்பேன்.

ஆனால் ஜாதகத்தை ஆங்கிலத் தேதிக்கு மாற்றுவதில் இரண்டு பள்ளம் இருக்கிறது. முதலாவது ஆண்டு. தாரண வருஷம் 1944 ஏப்ரலில் தொடங்கி 1945 ஏப்ரலில் முடிகிறது. தை மாதம் என்றால் அது 1945 ஜனவரி அல்லது பிப்ரவரி. தாரண என்றதும் 1944 என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். மேலும் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாத்தாவுடைய காகிதத்தில் தாரண என்று இருந்தால் அது 1884–85ஆகக்கூட இருக்கலாம். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் காகிதங்களில் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) சேர்ந்து வந்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரிக்குப் பிறகு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1120 தை என்றால் 1945.

இரண்டாவது பள்ளம் நாள். பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஆங்கிலத் தேதி நடுராத்திரியில் மாறுகிறது. ஜாதகத்தில் 'உதயாதி நாழிகை 52' என்று இருந்தால், நாழிகைக்கு 24 நிமிஷம் வீதம், உதயத்திலிருந்து 20 மணி 48 நிமிஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. உதயம் ஆறரை என்றால் பிறந்தது விடியற்காலை மூன்றேகால் தாண்டி. ஜாதகம் அதைத் திங்கட்கிழமை என்று சொல்லும். ஆங்கிலக் கணக்கில் அது செவ்வாய், தேதியும் ஒன்று கூடும். ஒரே நபருக்கு ஒரு நாள் வித்தியாசத்தில் இரண்டு தேதி இருந்தால் முதலில் இந்த நாழிகையைப் பாருங்கள். கிழமை, நட்சத்திரம், திதி மூன்றும் ஜாதகத்திலேயே இருப்பதால், மாற்றிய தேதியை அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

கிராம்ப்ஸ் கிரிகோரியன், ஜூலியன், இஸ்லாமியம், ஹீப்ரு என்று பல நாட்காட்டிகளை அறியும்; தமிழ் வருஷம் அதில் கிடையாது. அதனால் மாற்றிய ஆங்கிலத் தேதியைத் தேதிக் கட்டத்திலும், ஜாதகத்தின் வாசகத்தை அப்படியே சைட்டேஷனோடு சேர்ந்த குறிப்பிலும் வையுங்கள். மற்ற இரண்டு தேதிக்கும் கூடுதல் பிறப்பு நிகழ்வுகளைச் சேர்த்து, அதனதன் சைட்டேஷனைக் கொடுங்கள். ஜாதகத்தை முதன்மையாக எடுத்த காரணத்தை 'ஆராய்ச்சி' வகைக் குறிப்பில் நான்கு வரி எழுதி அப்பாவின் பக்கத்தில் இணையுங்கள். நம்பகத்துக்கு மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை ஐந்து படி உண்டு. அதை நிரப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போக ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்தால் அங்கே 0 முதல் 3 வரை நான்கு படிதான் இருக்கிறது. நீங்கள் வைத்த மதிப்பு அப்படியே போய்ச் சேராது. எழுதி வைத்த காரணம் குறிப்பாகப் போய்ச் சேரும்.

பிறப்புப் பதிவேட்டு நகல் கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. 'ஆண்', தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி, அவ்வளவுதான். இரண்டு வருஷ இடைவெளியில் பிறந்து ஒன்று சிறுவயதிலேயே தவறிப்போன அண்ணன் தம்பி இருந்தால், அந்தப் பதிவு யாருடையது என்பதே ஒரு கேள்வி. அப்படிப்பட்ட நகலைத் தகப்பனார் தாயார் குடும்பத்தோடு இணைத்து, முடிவாகும் வரை ஒரு நிறக் குறி போட்டு வையுங்கள்.

பெயர் விஷயம் நமக்குத் தனித் தலைவலி. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் மூன்று சுப்பையா, நான்கு முத்தையா. ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு இனிஷியலும் ஒன்றாகவே இருக்கும். காகிதத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதை மாற்றுப் பெயராகச் சேர்த்து, அந்தப் பெயருக்கே சைட்டேஷன் கொடுங்கள். 'முத்தைய பிள்ளை', 'முத்தையா', ஆங்கிலத்தில் எழுதிய வடிவம் எல்லாம் தனித்தனியாக. இரண்டு பேரை ஒன்றாக்கும் வசதியை, இருவருக்கும் பொதுவான ஒரு ஆதாரமாவது கையில் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள். பிரிந்திருப்பவர்களைப் பிறகு சேர்ப்பது சுலபம். சேர்ந்துபோனவர்களைப் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும்.

கோப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராம்ப்ஸ் படத்தைத் தனக்குள் எடுத்துக்கொள்வதில்லை, அது இருக்கும் பாதையை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆகவே எல்லாப் படத்தையும் ஒரே பெரிய ஃபோல்டருக்குள் கொண்டுவந்து, அதையே அடிப்படை மீடியா பாதையாக அமைத்து, ஒவ்வொரு படத்தின் பாதையையும் அந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையாக மாற்றிவிடுங்கள்; மீடியா மேனேஜர் கருவியில் அந்த வசதி உண்டு. ஆட்களின் பெயரில் ஃபோல்டர் போடாதீர்கள், ஒரு பத்திரம் பத்து பேருக்குச் சொந்தம். கோப்பின் பெயரில் ஆண்டு, ஆவண வகை, சோர்ஸ் எண், பக்க எண் இந்த வரிசை போதும். சொந்தக்காரர்கள் அனுப்பும் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போய், பென்சிலில் எழுதியதெல்லாம் படிக்க வராது. பேக்கப் எடுக்கும்போது மீடியாவும் சேர்ந்த பொதியாக எடுங்கள்.

பெரியவர்கள் வாயால் சொன்னதும் ஆதாரம்தான், அதற்கும் சோர்ஸ் உண்டு. அத்தை சொன்னார்கள் என்றால் சொன்னவர், கேட்ட தேதி, இடம் எழுதி, ஒலிப்பதிவை மீடியாவாகச் சேருங்கள். அத்தை தான் நேரில் பார்த்ததைச் சொன்னார்களா, தன் மாமியாரிடம் கேட்டதைச் சொன்னார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பத்திரங்களில் சாதிப் பெயர் இருக்கும், சொத்து விவரம் இருக்கும், இரண்டாம் தாரம், தத்து, வழக்கு எல்லாம் இருக்கும். வாசகத்தில் இருப்பதை மாற்றாமல் ஏற்றுங்கள். ஆனால் பூட்டுக் குறியை அழுத்தி அந்தப் பதிவைத் தனிப்பட்டதாக்கிவிடுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்க ஏற்றுமதி செய்யும்போது தனிப்பட்டவற்றையும் உயிரோடு இருப்பவர்களின் விவரத்தையும் விலக்கும் தேர்வு அங்கேயே இருக்கிறது.

ஏற்கெனவே ஏற்றிய இருநூறு பேரையும் ஒரே மூச்சில் சரி செய்ய உட்காராதீர்கள். ஆள் ஆளாகவும் போக வேண்டாம், காகிதம் காகிதமாகப் போங்கள். ஆதாரம் இல்லாத தேதிகளுக்கு 'சரிபார்க்க' என்று ஒரு சிவப்புக் குறி போட்டுவிட்டு, இருப்பதில் அதிகப் பெயர் உள்ள ஆவணத்தை முதலில் எடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரமோ வாரிசுச் சான்றிதழோ ஒன்று கிடைத்தாலே ஒரு தலைமுறை முழுவதும் ஆதாரத்தோடு நின்றுவிடும். கையில் அசல் இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் ஆவண எண்ணையும் ஆண்டையும் பிடித்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள். நிலம், வீடு பற்றிய 1ஆம் புத்தகப் பதிவுகளின் நகலை யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்து வாங்கலாம். உயில் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் காலமான பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் கொடுப்பார்கள், அதனால் அதற்குப் போகும்போது இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள்.